பள்ளிக்கூடத்துக் கடிதம் பைக்குள்ளேயே கிடக்கிறதா?

பிள்ளையின் புத்தகப் பையை இன்று மாலை ஒருமுறை கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். உடைந்த பென்சில், மிட்டாய்த் தாள், காய்ந்துபோன ரொட்டித் துண்டு இவற்றோடு நான்காக மடித்த வெள்ளைத் தாள் ஒன்றும் விழும். தேசிய மொழியில் அச்சடித்திருக்கும். மேலே பள்ளியின் பெயர், கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து, அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு கோடு. அந்தக் கோடு காலியாகவே இருக்கும். எத்தனை வாரமாக அந்தத் தாள் பைக்குள் இருந்தபடியே பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருக்கிறதோ!

ஊசி போட அனுமதி கேட்டு ஒரு தாள் வருகிறது. இலவச உணவுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ஒன்று, பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டு ஒன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து ஒன்று. கைத்தொலைபேசி வந்த பிறகு இவற்றில் பாதி வாட்ஸ்அப்பில் வருகின்றன. அங்கேயும் இதே கதிதான். காலை வணக்கப் பூப்படங்களுக்கு அடியில் புதைந்துபோகின்றன.

"எங்களுக்கு என்னாங்க தெரியும்? சாரு பாத்துக்குவாரு" என்று நம் மக்கள் சொல்வதை எத்தனையோ தோட்டங்களில் கேட்டிருக்கிறோம். இது அலட்சியத்தில் பிறந்த பேச்சு என்று நாம் நினைக்கவில்லை. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஒரே இனத்தைச் சேர்ந்த 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் தோட்டத்தில் இருந்தால் முதலாளி அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். நடத்தினார்கள். ஆயாக் கொட்டகையிலும் பழைய லயத்திலும்கூட நடத்தினார்கள். பல இடங்களில் ஒரே வாத்தியார்தான் எல்லா வகுப்புக்கும். பள்ளிக்கூடம் துரையின் சொத்து, வாத்தியார் துரை வைத்த ஆள். பால்மரம் வெட்டும் தகப்பனுக்கு அங்கே என்ன வேலை? வாசல் வரை போவான், பிள்ளையை விடுவான், திரும்புவான். அந்தப் பழக்கம் மூன்று தலைமுறை தாண்டியும் போகவில்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. இன்று நம் பள்ளிகள் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் நடக்கின்றன. பெற்றோரின் சம்மதம் இல்லாமல், பெற்றோர் கொடுக்கும் விவரம் இல்லாமல், பள்ளிக்கூடம் பல காரியங்களைச் செய்ய முடியாது. ஆகவேதான் அந்தக் கோடு. அது காலியாக இருந்தால் நஷ்டம் யாருக்கு என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் காலை நேரம். பெரட்டு ஐந்தரை, ஆறு மணிக்கு. பள்ளி மணி அடிப்பது ஏழரை மணிவாக்கில். தாயும் தகப்பனும் காட்டுக்குப் போய்விட்ட பிறகு, இடையில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் யார்? பத்து வயது அக்காள்தான். தங்கைக்குத் தலை வாரி, தம்பிக்குச் சட்டை மாட்டி, தானும் புறப்பட வேண்டும். பசியாறினார்களா என்று கேட்க ஆள் இல்லை. ஏழரை மணிக்கு ஓட்டமாக வந்து நிற்கும் பிள்ளையின் பெயரைச் சட்டாம்பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வான். "தாமதம்" என்று பதிவாகும். ஏன் தாமதம் என்பது அந்த நோட்டில் வராது.

இதற்கு நாம் கண்டவரையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எல்லாவற்றையும் முதல் நாள் இரவே முடிப்பது. பாட அட்டவணையைப் பார்த்துப் பையை அடுக்கி, உடுப்பைத் தேய்த்து, காலணியை வாசலில் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். (2021 முதல் காலணி கறுப்பு நிறமாகிவிட்டது. வெள்ளைக் காலணிக்குச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்த கஷ்டம் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். செம்மண் பாதையில் நடக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் செய்த பெரிய உபகாரம் இது.) மற்றது, லயத்தில் வேலைக்குப் போகாத ஒரு பாட்டியிடமோ, ஓய்வு பெற்ற பெரியவரிடமோ, "ஆறே முக்காலுக்கு எங்க வீட்டுக் கதவக் கொஞ்சம் தட்டுங்கம்மா" என்று சொல்லி வைப்பது. காசு செலவில்லை. கேட்கக் கூச்சம்தான்.

மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தொட்டி மேல் ஒன்று, பின்னால் இரண்டு என்று பிள்ளைகளை ஏற்றி, ஒன்றுக்கும் தலைக்கவசம் இல்லாமல் செம்பனை லோரிகளுக்கு நடுவே ஓட்டிவரும் தகப்பன்மார்களுக்கு வேறு என்ன சொல்வது? அதற்கும் சட்டம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி மேலே போகிறோம்.

அடுத்தது வருகைப் பதிவேடு. இதைக் கொஞ்சம் விரித்தே பேச வேண்டியிருக்கிறது.

சம்பளம் போட்ட மறுநாள் பட்டணத்துக்குப் போக வேண்டும், பிள்ளையும் கூட வரும். மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் இரண்டு நாள், பின்னால் இரண்டு நாள். மாமன் வீட்டுக் கல்யாணம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பெரிய பெண்தான் வீட்டில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். வாரம் ஐந்து நாள் பள்ளி. வாரத்துக்கு ஒரு நாள் நின்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆறு வருஷப் படிப்பில் ஒரு முழு வருஷத்துக்கும் மேலே போய்விடும். ஆறாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, ஐந்தாம் ஆண்டு முடிக்காத பிள்ளையாகத்தான் இருக்கும்.

காரணம் சொல்லாமல் மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் பள்ளியிலிருந்து முதல் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் இரண்டாவது, மூன்றாவது. வகுப்பாசிரியர் வேண்டுமென்றே செய்கிறார் என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அது அவர் இஷ்டம் அல்ல, இலாகா விதி. கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. பிள்ளையைத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமிருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அரசாங்கம் இதை எவ்வளவு பெரிய காரியமாக எடுத்துக்கொள்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

பிள்ளைக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லையா? கிளினிக்கில் கொடுக்கும் எம்.சி. தாளை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். வேறு காரணமா? தமிழில் இரண்டு வரி எழுதினால் போதும். நம் பள்ளி தமிழ்ப்பள்ளி, ஆசிரியர் தமிழர். "என் மகளுக்கு நேற்று வாந்தி, அதனால் அனுப்பவில்லை" என்பதை எழுத இலக்கணம் தேவையில்லை. எழுத வராதவர்கள் வாட்ஸ்அப்பில் வாயால் பேசி அனுப்பலாம். "டீச்சர், பாப்பாவுக்கு மேலுக்கு முடியல, நாளைக்கு அனுப்புறேன்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் ஆசிரியைக்கும் நிம்மதி. பிள்ளை வீட்டிலிருந்து புறப்பட்டது, ஆனால் பள்ளிக்கு வந்து சேரவில்லை என்ற விபரீதத்தை அவர் உடனே கண்டுபிடிக்கவும் இந்த ஒரு வார்த்தை உதவும். சொல்லாமல் நிற்பது வழக்கமாகிவிட்ட வீட்டுப் பிள்ளை ஒரு நாள் வழியில் காணாமற் போனால், மத்தியானம் வரை யாருக்குமே தெரியாது.

இனி, சோறு. பத்து மணிக்கு முன்னால் பிள்ளை மயங்கி விழுந்தால், வாத்தியார் முதலில் கேட்பது "காலையில என்னா சாப்பிட்ட?" என்பதுதான். தோட்டத்துப் பள்ளிகளில் இது புதிய கேள்வி அல்ல. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே பள்ளி நாட்களில் சாப்பாடு கொடுக்கிறது. துணை உணவுத் திட்டம் என்பார்கள். பிள்ளைகளிடம் 'ஆர்.எம்.டி.' என்றால்தான் தெரியும். இதில் சேர்க்க, குடும்ப வருமானம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் என்று பாரம் வருகிறது. இங்கேதான் நம் மக்கள் தடுக்கி விழுகிறார்கள்.

சிலர் வெட்கப்பட்டு வருமானத்தைக் கூட்டி எழுதுகிறார்கள். "ஓசிச் சோறு என் புள்ளைக்கு வேணாம்" என்று ஒரு தாய் சொன்னதை நாமே கேட்டோம். அவர் மானஸ்தி. அதை மதிக்கிறோம். ஆனால் அந்தத் தாய் வாங்கும் சோப்பிலும் வரிப் பணம் போகிறதே, அந்தக் காசில் ஒரு தட்டுச் சோறு திரும்பி வந்தால் அது ஓசியா? இன்னும் சிலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். வெறும் கட்டத்தை வைத்துப் பள்ளிக்கூடம் என்ன தீர்மானிக்கும்? சம்பளச் சீட்டைக் கூட வைத்து, உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுங்கள். மிகைநேர வேலையால் ஒரு மாதம் சம்பளம் ஏறி, மறு மாதம் மழையால் இறங்கியதா? அதையும் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பிள்ளை சைவமா, முட்டை ஒத்துக்கொள்ளாதா, இறால் தின்றால் தடிப்பு வருமா, இவற்றையும் எழுதிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. சமைக்கிறவருக்கு ஜோசியம் தெரியாது.

பள்ளித் தொடக்க உதவிப் பணம் வேறு. 2023 முதல் அது பெற்றோர் வருமானம் பார்க்காமல் பிள்ளை ஒன்றுக்கு 150 வெள்ளியாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. அதற்குக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. பாடநூல்களும் அப்படித்தான். 1975இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இரவல் திட்டம் 2008 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. இரவல் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அட்டை போட்டு வைத்திருந்து வருஷக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொலைத்தால் ஈடு கட்ட வேண்டிவரும்.

ஊசித் தாளுக்கு வருவோம். முதலாம் ஆண்டில் தட்டம்மை, ரூபெல்லா, தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா, டெட்டனஸ் இவற்றுக்கு எதிரான ஊசியைச் சுகாதார இலாகா தாதியர்கள் பள்ளிக்கே வந்து போடுகிறார்கள். பெற்றோர் கையெழுத்து இல்லாவிட்டால் போடமாட்டார்கள், போடவும் கூடாது. அன்று பையில் கிடந்த தாளால் ஊசி போடாமல் விடப்பட்ட பிள்ளையைப் பிறகு நீங்களே ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போவோமா? தள்ளித் தள்ளிப் போடுவோம். டிப்தீரியா பழைய காலத்து நோய் என்று எண்ணிவிட வேண்டாம். 2016இல் மலாக்காவிலும் கெடாவிலும் அது திரும்பத் தலைகாட்டிப் பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. பல் வைத்தியத்துக்கும் இதே மாதிரித் தாள்தான் வருகிறது. கை, கால், வாயில் கொப்புளம் கண்ட பிள்ளையை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வந்தால் வகுப்பு முழுவதும் பரவிவிடும்.

படிப்பு விஷயத்தில் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி இன்னமும், "எத்தனாவது நம்பரு?" என்பதுதான். அந்த நம்பர் போய்விட்டது. ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். சோதனையை 2021இல் எடுத்துவிட்டார்கள். வகுப்பறையில் ஆசிரியர் பிள்ளையைக் கவனித்து 1 முதல் 6 வரை அடைவுநிலை கொடுக்கும் முறை வந்திருக்கிறது. 3 என்றால் குறைந்தபட்சம் எட்ட வேண்டியதை எட்டிவிட்டது என்று பொருள். 1, 2 என்றால் பிள்ளைக்குப் பாடம் இன்னும் பிடிபடவில்லை. முன்பு நாற்பதாவது நம்பர் என்றால் பெற்றோருக்கு உடனே சுருக்கென்று தைக்கும். இப்போது 2 என்று பார்த்து, "ரெண்டாவதா வந்திருக்கான்!" என்று மகிழ்ந்து மிட்டாய் வாங்கிக் கொடுத்தவரும் உண்டு என்று ஓர் ஆசிரியர் நம்மிடம் சொன்னார். சிரிக்கிற விஷயமா இது? பெற்றோருக்கு அறிக்கை வாசிக்கச் சொல்லிக் கொடுக்காதது யார் குற்றம் என்று அவரிடமே திருப்பிக் கேட்டோம். தலையைச் சொறிந்தார்.

எழுத்துக் கூட்டி வாசிக்கவோ கணக்குப் போடவோ தடுமாறும் பிள்ளைகளுக்குக் குறைநீக்கல் வகுப்பு நடக்கிறது. "என் புள்ள என்னா மக்கா?" என்று சண்டைக்குப் போய் அந்த வகுப்பிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லும் பெற்றோரைப் பார்க்கிறோம். வேண்டாம், ஐயா. ஐம்பது பேருக்கு நடுவில் ஒருவனாய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்து படிக்காமலே வளர்ந்த நம் தலைமுறைக்கு இப்படித் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அந்த வகுப்பில் இருக்கும் மட்டும் இருக்கட்டும். வாசிக்கத் தொடங்கியதும் பிள்ளை தானாகவே வெளியே வந்துவிடும். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், சாயங்காலம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திக்குகிறதா, ஓடுகிறதா என்பது காதுக்குத் தெரியும்.

"கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்த எடமெல்லாம் உரிச்சிடுங்க, வாத்தியாரே" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதற்கு நேர் மாறாக, பிள்ளை அழுதுகொண்டு வந்ததும் பாராங்கோடு கிளம்பும் தகப்பனையும் கேள்விப்படுகிறோம். இரண்டும் தப்பு. பிரம்படிக்கு விதி உண்டு. தலைமையாசிரியரோ, அவர் அனுமதித்த ஆசிரியரோதான் பிரம்பைத் தொடலாம். பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது. விதி மீறியிருந்தால் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. நேராக வகுப்பறைக்குள் நுழையாதீர்கள். அலுவலகத்துக்குப் போய் வருகையாளர் புத்தகத்தில் பெயர் எழுதி, தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். காலில் மண்ணாக இருக்கிறதே, வேலை உடுப்பில் வந்துவிட்டோமே என்று தயங்கவும் வேண்டாம். அங்கே நடந்ததற்குப் பதில் கிடைக்காவிட்டால் மாவட்டக் கல்வி இலாகா இருக்கிறது. எழுத்தில் கொடுங்கள், நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விட்ட பிறகு பிள்ளையை அழைத்துப் போகிறவர் யார் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வழக்கமான வேன்காரர் வராத நாளில், "மாமா அனுப்பினாரு" என்று யாரோ வந்து நின்றால் காவலாளி என்ன செய்வார்?

பிறப்புப் பத்திர விஷயம் ஒன்று பாக்கி. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பல தோட்டங்களில் ஏழு வயதுப் பிள்ளையைப் பதியப் போகும்போதுதான் பத்திரமே இல்லை என்பது தெரிகிறது. தீபகற்பத்தில் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு கோளாறு இருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்ததிலிருந்து, முஸ்லிம் அல்லாதவர்கள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் மட்டும் போதாது. கல்யாணத்தை அரசாங்கத்தில் பதிந்தாக வேண்டும். பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் கணக்கு. தாய்க்கு மலேசியக் குடியுரிமை இல்லாவிட்டால், தகப்பன் நீல அடையாளக் கார்டு வைத்திருந்தும் பிள்ளை அந்நியனாகிவிடும். ஒரு கையெழுத்துப் போட மறந்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனை! இப்படிப்பட்ட பிள்ளைகள் தாய் தகப்பனில் ஒருவர் மலேசியராக இருந்தால் பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டே பத்திரத்துக்கு முயலலாம் என்று அண்மைய ஆண்டுகளில் கல்வி அமைச்சு கதவைத் திறந்தது. ஆகவே பத்திரம் இல்லையென்று பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். முதலாம் ஆண்டுப் பதிவு பல மாதங்களுக்கு முன்பே இணையத்தில் நடந்துவிடுகிறது. கணினி இல்லாதவர்களுக்கு அதையும் பள்ளியிலேயே செய்து கொடுக்கிறார்கள்.

1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மறைந்தவற்றில் பெரும்பாலானவை தோட்டத்துச் சிறு பள்ளிகள். கித்தாக் காடு செம்பனைக் காடாகி, செம்பனைக் காடு வீடமைப்புத் திட்டமாகி, சனங்கள் சிதறிப் போனார்கள். எஞ்சியவற்றிலும் 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகள் ஏராளம். அத்தகைய பள்ளியில் வாரம் பத்துப் பிள்ளைகள் நின்றுவிட்டால் வகுப்பே வெறிச்சோடுகிறது. ஆசிரியருக்கு அன்று புதுப் பாடம் நடத்தவே மனம் வருவதில்லை.

கடைசியாக, பெற்றோர் ஆசிரியர் சங்கம். ஒவ்வொரு பள்ளியிலும் இது இருந்தாக வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு விதி. பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிப்பார்கள், செயலவை தேர்ந்தெடுப்பார்கள். வருகிறவர்கள் யார்? கடைக்காரர், கிராணி, பட்டணத்திலிருந்து காரில் வரும் இரண்டு மூன்று பேர். நம் ஆட்கள் காட்டில் இருப்பார்கள், ஏனென்றால் கூட்டம் வேலை நாளில் காலை பத்து மணிக்கு. வேலைச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் வருஷத்தில் 8 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. அதில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். அதைவிட, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது மேல். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் தேசிய மொழிக்குக் கீழே தமிழிலும் நாலு வரி போடுங்கள் என்று.

கீழ்ப் பேராக்கில் நாம் அறிந்த ஒரு சிறிய பள்ளியில் இந்த இரண்டையும் செய்து பார்த்தார்கள். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிறன்று, சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். தமிழில் கடிதம். முப்பது பேர் வருவார்கள் என்று வடை சுட்டு வைத்திருந்தார்கள். வடை போதவில்லை, நாற்காலியும் போதவில்லை. ஆண்கள் ஐந்தடியில் நின்றபடியே கணக்கைக் கேட்டார்கள். "போன வருஷம் இந்த முந்நூறு வெள்ளி எதுக்குங்க செலவாச்சு?" என்று ஓர் அம்மாள் எழுந்து கேட்டார். பொருளாளர் ரசீதைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினார். அந்த அம்மாளை அந்த வருஷமே செயலவையில் போட்டுவிட்டார்கள்.